பெயர் வாசிக்கும் செவந்தி

முதலில் மின்விசிறியை நிறுத்துகிறார். அதன் கிறீச்சல் மைக்கில் ஏறிவிடும். அடுத்து, கொண்டையில் இருக்கும் பூவை எடுத்துச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டுகிறார். ஒரு மிளகைக் கடித்து, காரம் ஏறியதும் ஒரு கற்கண்டைப் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். நாற்காலி முதுகில் கிடக்கும் சாம்பல் நிறச் சால்வையை எடுத்து, கட்டியிருக்கும் கிளிப்பச்சைச் சேலை தெரியாதபடி தோளோடு போர்த்துகிறார். கேமரா பாதி ஆளைத்தான் பிடிக்கும். ஆகவே மேசைக்கு மேலே துக்கம், மேசைக்குக் கீழே கிளிப்பச்சையும் ரப்பர் செருப்பும்.

"ம், ஓட விடுங்கண்ணே" என்கிறார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நிலைய முதலாளி சார்லஸ் கட்டைவிரலைக் காட்டுகிறார். செவந்தி வாசிக்கத் தொடங்குகிறார். இன்ன ஊர், இன்னாருடைய மகன், இன்னார் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார். அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை அவரது இல்லத்திலிருந்து புறப்படும். குரல் இழுக்காது, குழையாது, அழாது. ஆனால் ஒவ்வொரு பெயரையும் சொன்னவுடன் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த நிறுத்தம் எதற்கு என்று கேட்டால், "பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டு, ஒடனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போனா நல்லாவா இருக்கு?" என்பார்.

துக்கச் செய்திகள் முடிந்ததும் ஆழ்துளைக் கிணறு விளம்பரம் ஒன்று ஓடும். அது ஓடி முடிவதற்குள் சால்வை நாற்காலிக்குப் போகும், பூ கொண்டைக்குத் திரும்பும், முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்காரும். அடுத்தது பிறந்தநாள் வாழ்த்து, காதணி விழா, புதுமனைப் புகுவிழா. எழவு வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு இவ்வளவு சீக்கிரமாகப் போய்ச் சேருகிறவர் இலுப்பூர் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

தேன்சிட்டு டிவி என்பது நிலையத்தின் முழுப்பெயர். ஊர் அதைச் சிட்டு என்று சுருக்கிவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் நிலையம். ஆனால் அதன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்தால் பெரிய சேனல்காரர்கள் பொறாமைப்படுவார்கள். சொந்தக்காரர் இறந்துவிட்டதாக நேரில் வந்து சொன்னால்கூட, "அப்படியா, சிட்டுல இன்னும் வரலையே?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். செவந்தி வாசித்த பிறகுதான் மாலை வாங்கக் கிளம்புவார்கள்.

இதனால் செவந்திக்குக் கிடைத்திருக்கும் மரியாதை ஒரு தினுசானது. காய்கறிக் கடையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அன்பாக, "ஒம் பேரு என்னத்தா?" என்று கேட்டால் அந்தப் பெண் சட்டென்று கத்தரிக்காயைப் பார்ப்பாள். பக்கத்துக் கடைக்காரி, "அவகிட்ட மட்டும் சொல்லிராதடி" என்று சிரிப்பாள். கிழவர்கள் நேர்மாறு. தெருவில் மடக்கி நிறுத்தி, "நான் போனா ஒன் வாயாலதான் ஆத்தா சொல்லணும், வேற யாரும் வாசிக்கப்பிடாது" என்று முன்பதிவு செய்வார்கள். "இப்ப எடமில்ல பெரியப்பா. அடுத்த வருசம் வாங்க, பாப்போம்" என்பது செவந்தியின் பதில். கேட்டவர் பல்லில்லாத வாயோடு சிரித்துக்கொண்டே போவார்.

செவந்தியிடமும் இதன் பங்குக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. உயிரோடு இருக்கும் யாரையும் அவர் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அண்ணே, பெரியப்பா, தம்பி, மீன்காரம்மா, பேங்க்கு சார், இப்படித்தான். ஊரும் தகப்பனார் எழுத்தும் சேர்த்த முழுப்பெயர் மைக்குக்கு மட்டும் உரியது என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார். சொந்த வீட்டுக்காரரே அவருக்கு "பஸ்காரரு"தான். அவர் மினிபஸ் ஓட்டுகிறார்.

ஆனால் மற்றவர்கள் பெயர் சொல்லத் தயங்கினால் இவருக்குப் பொறுக்காது. அதில்தான் தினமும் சண்டை. இழவுச் செய்தி சொல்லத் தொலைபேசியில் வருகிறவர்களில் பெண்கள் அதிகம், ஆண்கள் எல்லாம் பந்தல்காரரைத் தேடிப் போயிருப்பார்கள். புருசன் பெயரையும் மாமனார் பெயரையும் புருசனுக்கு மூத்தவர் பெயரையும் வாயால் சொல்லாத தலைமுறை இன்னும் இங்கே நிறைய இருக்கிறது. "காலையில கெழக்கால மொளைக்குமே, அது பேருத்தா" என்பார்கள். உதயசூரியன் என்று செவந்தி எழுதிக்கொள்ள வேண்டும். தேர்தல் சமயத்தில் ஒருமுறை அந்தப் பெயரை வாசித்துவிட்டுச் சார்லஸ் பட்ட பாடு தனிக்கதை. "ஆவுடையார்கோயில் சாமி பேரு" என்றால் ஆத்மநாதன். "நகைக்கடையில ரெண்டு இருக்குமே, ரெண்டையும் சேத்துச் சொல்லு" என்றால் தங்கமுத்து. "இதென்ன டிவியா, விடுகதைப் போட்டியா?" என்று செவந்தி ஃபோனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

சிட்டு பிறந்த கதையைக் கேட்டால் சார்லஸ் சொல்ல ஆரம்பிப்பார், செவந்தி குறுக்கே பாய்ந்து முடித்துவைப்பார். சார்லஸ் அப்போது படக் கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். செவந்தி பத்தாவது முடித்துவிட்டு அங்கே கேசட் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். பிறகு மாடியில் பெரிய டிஷ் குடை ஒன்று முளைத்தது. வேப்பமரம், புளியமரம், மின்கம்பம் என்று அகப்பட்டதிலெல்லாம் வயரைக் கட்டி வீடு வீடாக இணைப்பு போனது. ஒருநாள் இடையில் படம் நின்றுபோனபோது, திரை சும்மா கிடக்கிறதே என்று சார்லஸ் கேமராவைச் செவந்தியின் பக்கம் திருப்பினார். "எதாச்சும் சொல்லு" என்றார். அன்று காலையில் யாருடைய மாடோ காணாமல் போயிருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த செவலைப் பசு, இடது கொம்பு கொஞ்சம் மடங்கியிருக்கும், கண்டவர்கள் தயவுசெய்து கேசட் கடைக்குத் தகவல் சொல்லவும் என்று செவந்தி சொன்னார். மாலைக்குள் மாடு வந்துவிட்டது. நிலையம் தொடங்கியது அந்த மாட்டால்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிட்டின் பலம் கொஞ்சம்தான். கம்பம் தாண்டத் தாண்ட சிக்னல் மெலிந்துகொண்டே போகும். கடைசிக் கம்பத்து ஊர்களில் அந்தக் காலத்தில் படம் வெறும் புள்ளிமழையாக இருக்கும். குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அதனால் பாதி ஊர்களுக்கு இன்றைக்கும் செவந்தியின் முகம் தெரியாது. பேருந்தில் அவர், "ஒரு டிக்கெட் குடுங்க தம்பி" என்றதும் முன்சீட்டில் இருப்பவர்கள் விசுக்கென்று திரும்பிப் பார்ப்பார்கள். அணில் வயரைக் கடித்தது, லாரி இழுத்துக்கொண்டு போனது எல்லாம் சாதாரணம். கஜா புயலில் கம்பங்களே மொத்தமாகப் படுத்துவிட்டன. அப்போது சார்லஸ் ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டினார். செவந்தி அதில் உட்கார்ந்து, தண்ணீர் லாரி எங்கே வரும், அரிசி எங்கே கிடைக்கும் என்று தெருத்தெருவாகச் செய்தி வாசித்தார். படமில்லாத டிவி அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வீடு பெட்டி வைத்து எல்லாம் டிஜிட்டலாக மாறியபோது, நூற்றுக்கணக்கான சேனல்களுக்கு நடுவில் சிட்டு எந்த எண்ணில் இருக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. இதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சார்லஸ் மட்டும் கலங்கவில்லை. "மழை வந்தா நியூஸ் பெரிய சேனல்ல வரும். மேலப்பட்டியில யாரு போனாங்கன்னு அவன் சொல்லுவானா?" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. இன்றைக்கு யூடியூபிலும் நேரலை போகிறது. குவைத்திலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிட்டைத் திறந்து, நம் வீட்டுப் பெயர் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

இத்தனைக்கும் செவந்தி ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "ரெண்டு வாய் சொல்லணும்." ஒரு சாவை வீட்டுக்காரர் சொன்னால் போதாது. அதே ஊரில் இன்னொருவரும் ஆமாம் என்று சொன்னால்தான் வாசிப்பார். பகைக்காகப் பொய்யாய்ச் சாவுச் செய்தி கொடுப்பவர்கள், குடித்துவிட்டு விளையாடுபவர்கள் எல்லாம் இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு அசடு வழிந்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் பெயரைத் துக்கச் செய்தியில் சிட்டு ஒருநாளும் வாசித்ததில்லை என்பது செவந்தியின் பெருமை. அந்தப் பெருமைக்குப் போன ஆடி மாதம் கண்டம் வந்தது.

மேலப்பட்டியில் ஒரு குடும்பத்தைத் திருப்பதியார் வீடு என்பார்கள். பிள்ளை வரம் கேட்டுத் திருப்பதிக்கு நடந்தே போய்வந்த சுப்பையாவின் வீடு. மூத்தவருக்கு ஏழுமலை என்றும் இளையவருக்கு வெங்கடாசலம் என்றும் அவர் பெயர் வைத்தார். வெங்கடாசலம் இலுப்பூர்ச் சந்தையில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருப்பவர். கேலிப் பேச்சுக்காகவே அவரிடம் புண்ணாக்கு வாங்கும் ஆட்கள் உண்டு. அவர் நெஞ்சுவலி வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், பைபாஸ் ஆபரேஷன் என்று நாள் குறித்ததும் ஊருக்கே தெரியும். அண்ணன் ஏழுமலை தனிக்கட்டை. பல வருடமாகப் படுத்த படுக்கை. தம்பி வீட்டு உள்ளறையில் அவர் கிடந்ததை ஊர் மறந்தே போய்விட்டது. தம்பி மனைவி பொன்னுத்தாய்தான் அவருக்குக் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் அவரால் கணவரோடு திருச்சிக்குப் போக முடியவில்லை. மகள் தேவிப்ரியா போயிருந்தாள்.

ஆபரேஷன் நாளன்று மதியச் செய்திக்குச் சற்று முன்னால் பொன்னுத்தாயிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஆத்தா செவந்தி… எங்க வீட்டுப் பெரியவரு போயிட்டாருத்தா. சிட்டுல போட்டுரு."

"ஐயோ பெரியம்மா! பேரு…"

"நான் எங்கிட்டுப் போயி அவுக பேரைச் சொல்ல? திருப்பதி சாமி பேருதான். ஒனக்குத் தெரியாததா?"

அந்தக் குரலிடம் விடுகதைச் சண்டை போட செவந்திக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் சட்டத்தை விடவில்லை. மேலப்பட்டி டீக்கடை சந்தோஷ்குமாரைக் கூப்பிட்டு, "தம்பி, திருப்பதியார் வீட்டுலயா?" என்று கேட்டார். "ஆமாக்கா, சங்கு ஊதிட்டாங்க. பந்தல் போட ஆள் வந்தாச்சு" என்றான். இரண்டு வாயும் சொல்லிவிட்டது. இரண்டு வாயும் பெயரைச் சொல்லவில்லை என்பது அந்த நேரத்தில் செவந்திக்கு உறைக்கவில்லை.

வெங்கடாசலத்தின் பேத்தி காதணி விழா வீடியோ சிட்டில்தான் எடுத்தது. அதிலிருந்து அவர் முகத்தைச் சார்லஸ் வெட்டியெடுத்தார். சந்தனப் பொட்டும் வாய் நிறையச் சிரிப்புமாக இருந்தது அந்த முகம். செவந்தி பூவை ஆணியில் மாட்டினார், மிளகைக் கடித்தார், வாசித்தார். மேலப்பட்டி, திருப்பதியார் வீட்டு சு. வெங்கடாசலம் அவர்கள். ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு, இயற்கை எய்தினார் என்றார்.

வாழ்த்துப் பகுதிக்காகப் பூவைக் கையில் எடுத்தபோது செவந்தியின் செல்ஃபோன் அடித்தது. தேவிப்ரியா. மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"அக்கா, அப்பா இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளதான் இருக்காரு. எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. குவைத்துலேர்ந்து தம்பி அழுவுறான், சிட்டுல வந்துருச்சுன்னு. ஒங்ககிட்ட எந்த டாக்டரு சொன்னா?"

"டாக்டரா? ஒங்க அம்மாதானேத்தா சொன்னாக."

"அம்மா வீட்டுலல்ல இருக்கு! அதுக்கு எப்படி…" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு மெல்ல, "அக்கா… பெரியப்பாவா?" என்று கேட்டாள்.

செவந்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சார்லஸ் ஓடிப்போய் அறிவிப்பை எடுத்தார், யூடியூபிலிருந்தும் எடுத்தார். எடுத்து என்ன? அதற்குள் அந்தச் சிரித்த முகம் வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போய், ஆழ்ந்த இரங்கலும் கும்பிட்ட கைகளுமாக வாங்கிக்கொண்டிருந்தது. சந்தைக் கடை வாசலில் யாரோ ஒரு மாலையை வேறு கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். தேவிப்ரியா நர்ஸைப் பிடித்துக் கேட்டுவிட்டு மறுபடி அழைத்தாள். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, முடிய மாலையாகும் என்றாள்.

"திருத்தம் போட்டுருவோம் செவந்தி. நலமா இருக்காருன்னு சொல்லிரு" என்றார் சார்லஸ்.

"மாட்டேண்ணே. நெஞ்சைத் தொறந்து போட்டுருக்காக. நான் நலம்னு வாசிச்சு, அந்த மனுசனுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? வெளிய வரட்டும். அதுவரைக்கும் அவரு பேரை இந்த வாய் சொல்லாது."

செவந்தி மூடநம்பிக்கைக்காரர் அல்ல. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுப் போகிறவர். ஆனால் வருடக்கணக்காக ஊரே ஒருவர் வாயைப் பார்த்து, செவந்தி சொன்னால் சொன்னதுதான் என்று கொண்டிருந்தால், அந்த வாய்க்குச் சொந்தக்காரருக்கே தன்மேல் ஒரு பயம் வந்துவிடாதா? சொன்னது பலித்துவிட்டால் இனி இந்த நாக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது என்று அவர் பயந்தார். அதற்கு அடியில் இன்னொன்றும் அறுத்துக்கொண்டிருந்தது. "அந்தப் பெரிய மனுசன் செத்த அன்னிக்குக்கூட அவரு பேரை ஒருத்தரும் சொல்லலயேண்ணே. நானும்தானே சொல்லல" என்றார். சார்லஸ் கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

முதல் காரியமாகச் செவந்தி ஏழுமலையின் செய்தியை வாசித்தார். தனிப்படம் இல்லை, கிடைத்தது பழைய குடும்பப் படம் ஒன்றில் ஓரத்தில் நின்ற கலங்கலான முகம்தான். சு. ஏழுமலை அவர்கள் என்று சொல்லிவிட்டு அன்று அவர் நிறுத்திய நிறுத்தம் நீளமானது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிக்னல் போய்விட்டதோ என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தார்களாம்.

பிறகு பொன்னுத்தாயின் ஃபோன் வந்தது. பின்னால் பறைச் சத்தம் கேட்டது. திட்டு வாங்கத் தயாராகச் செவந்தி எழுந்து நின்றுகொண்டார். தாலியோடு இருக்கும் ஒரு பெண்ணை ஊரறிய அதை அறுக்கச் சொன்னது போலல்லவா ஆகிவிட்டது? காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார்.

"ஆத்தா."

"பெரியம்மா, என்னைய மன்னிச்சிருங்க பெரியம்மா. நான்…"

"அட இருத்தா, சொல்றதக் கேளு. அவுக ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னிக்கு, வாசல்ல வண்டி ஏறப் போறப்ப ஒரு காக்கா வந்து தலையில தட்டிட்டுப் போயிருச்சு. எனக்குப் பக்குன்னு ஆகிப்போச்சு. காக்கா தட்டுனா, ஆளு போயிட்டாருன்னு பொய்யா ஒரு சேதி சொல்லிவிடணும். சொந்தபந்தம் ஒரு மூச்சு அழுதுட்டா அந்தத் தோசம் போயிரும்பாக. தெரியுமுல்ல ஒனக்கு? நான் எந்த வாயால போயி அப்படிச் சொல்லுவேன்? பேரையே சொல்லமாட்டேன். ராவும் பகலும் அதே ரோசனைதான். இப்பப் பாரு, குவைத்து வரைக்கும் அழுதுட்டாக. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு மூட்டைய எறக்கி வச்சாப்புல இருக்கு. அவுக வந்துருவாக. நீ போயி ஒரு வாய் சாப்புடு."

அந்தக் காக்கா உண்மையிலேயே வெங்கடாசலத்தின் தலையில் தட்டியதா, அல்லது செவந்தி ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பறந்து வந்த காக்காவா என்பது பொன்னுத்தாய்க்கே வெளிச்சம். வீட்டில் ஒரு பிணமும் தியேட்டரில் ஒரு உயிருமாக நின்றுகொண்டு, தன்னை விதவை என்று சொன்னவளுக்கு ஆறுதல் சொல்லத் தோன்றியதே அந்த மனுசிக்கு! காக்கா பொய்யாகவே இருந்தாலும் அதற்கு ஒரு பிடி சோறு வைக்கலாம்.

செவந்தி அப்போதும் சாப்பிடவில்லை. மாலை வாழ்த்துகளைச் சார்லஸே வாசித்தார். ஒரு குழந்தைக்கு முதலாம் பிறந்தநாள் என்பதற்குப் பதில் முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று வாசித்துவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் தேவிப்ரியா அழைத்தாள். "அக்கா, முடிஞ்சிருச்சுக்கா. நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஐசியூவுக்கு மாத்திட்டாங்க. இனிப் பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு." செவந்தி ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது. அதன் பின்னாலேயே அழுகை வந்தது. எத்தனையோ சாவுகளை ஒரு துளி கண்ணீர் இல்லாமல் வாசித்தவர், ஒரு மனிதர் பிழைத்துக்கொண்டதற்காக மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். சார்லஸ் கீழே போய்ப் பரோட்டா வாங்கிவந்து, பிய்த்தும் வைத்தார். திருத்தம் அன்றே ஒளிபரப்பானது. நம் பகுதியின் அன்புக்குரியவர் நலமாக இருக்கிறார் என்று செவந்தி வாசித்தார். பெயரை எழுத்தில் மட்டும் போட்டார்கள்; தன் வாயால் சொல்லச் செவந்திக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வெங்கடாசலம், இறந்த அண்ணனின் தலையில் கடைசியாக எண்ணெய் வைக்கக்கூட வர முடியாமல் போனதற்காக அழுதார் என்று சொல்கிறார்கள். அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சிரித்தார். சந்தையில் அவருக்கு இப்போது பட்டப்பெயர் 'மறுஒளிபரப்பு'. அதில் அவருக்குப் பெருமைதான். "சிட்டுல செத்துட்டுத் திரும்பி வந்து புண்ணாக்கு விக்கிற ஆளு உலகத்துலயே நான் ஒருத்தந்தான்" என்று அளந்துகொண்டிருக்கிறார். இரங்கல் சொன்னவர்கள் பெயரையெல்லாம் வாட்ஸப்பில் பார்த்து வைத்திருக்கிறார். சொல்லாதவர்கள் கடைக்கு வந்தால், "நான் செத்ததுக்கு ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று மடக்குகிறார்.

மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு, போன வாரம் ஒருநாள் அவர் சிட்டுக்கு வந்தார். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் பூந்திப் பொட்டலம். மதியத் துக்கச் செய்தியும் வாழ்த்துகளும் அப்போதுதான் முடிந்திருந்தன. செவந்தி கொண்டைப் பூவோடு மின்விசிறியைப் போடக் கையை நீட்டியிருந்தார்.

"வாங்க பெரியப்பா" என்றார்.

"ஒக்காருறேன் ஆத்தா. மூச்சு வாங்குது. ஆனா வாங்குதுல்ல, அதுவே பெருசு." எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நீ என்னைய வாசிச்சத ஊரே கேட்டுருக்கு. நான் மட்டும் கேக்கல. மயக்க ஊசி போட்டுக் கெடந்துட்டேன். அந்த வீடியோவையும் அழிச்சுப்புட்டீக. எங்கே, ஒருக்கா வாசி. எப்படித்தான் இருக்குன்னு கேப்பம்."

"வெளையாடாதீக பெரியப்பா."

"வெளையாட்டு இல்ல. சாவெல்லாம் வேண்டாம், அத விட்டுரு. பேரை மட்டும் வாசி."

செவந்தி சார்லஸைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மைக்கின் விசையை அணைத்துவிட்டு, கையை விரித்துக் காட்டினார். மின்விசிறி ஓடவில்லை. கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். செவந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் கை பூவை எடுக்கக் கொண்டைக்குப் போனது. பாதி வழியில் நின்றது, மடிக்குத் திரும்பியது.

"மேலப்பட்டி, திருப்பதியார் வீட்டு, சு. வெங்கடாசலம் அவர்கள்."

சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினார்.

"இருக்கேன் ஆத்தா" என்றார் வெங்கடாசலம்.

செவந்தி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்தார்.